தரைக்கடி எண்ணெய்க் குழாய் மாற்றம்

கட்டடத்தின் நிலத்தடித் தளத்திலோ முற்றத்திலோ கான்கிரீட்டுக்குக் கீழே புதைக்கப்பட்டு, எண்ணெய்த் தொட்டியிலிருந்து எரிகலனுக்கோ எஞ்சினுக்கோ எரிபொருளைக் கொண்டு செல்லும் குழாய் தரைக்கடி எண்ணெய்க் குழாய் எனப்படும். இக்குழாய் பழுதடையும்போது அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்கி வேறு வழியில் புதிய குழாய் அமைப்பதே தரைக்கடி எண்ணெய்க் குழாய் மாற்றம் ஆகும். தண்ணீர்க் குழாய் கசிந்தால் தரை ஈரமாகும், சுவர் பூக்கும். எண்ணெய்க் குழாய் கசிந்தால் பெரும்பாலும் மேலே எதுவும் தெரியாது. எண்ணெய் கீழ்நோக்கி இறங்கி நிலத்தடி நீரை அடைந்த பிறகு, பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் அது முதலில் வெளிப்படும். ஆகவே இம்மாற்றத்தின் நோக்கம் பழைய குழாய் இருந்த இடத்தில் புதிய குழாயைப் புதைப்பது அன்று. கண்ணுக்கு மறைந்திருந்த குழாயைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டு வருவதாகும்.

இக்குழாய்கள் உள்ள இடங்கள்

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்ற எண்ணெயைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள், கனடாவின் கிழக்குப் பகுதி, வட அயர்லாந்து ஆகிய இடங்களில் இது பரவலானது. அவ்வீடுகளின் நிலத்தடித் தளத்தில் சுமார் ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டி ஒன்று இருக்கும். தொட்டி ஒரு மூலையிலும் எரிகலன் இன்னொரு மூலையிலும் இருந்ததால், இரண்டையும் இணைக்கும் மெல்லிய செப்புக் குழாயை யார் காலிலும் இடறாதபடி தரைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடுவது பழைய வழக்கம். அந்நாடுகளில் குடியேறிப் பழைய வீடு வாங்கும் தமிழர்களுக்கும் இக்குழாய் ஒரு புதிய பாடமாக அமைவதுண்டு.

தமிழ்நாட்டில் வீட்டைச் சூடேற்ற எண்ணெய் தேவைப்படுவதில்லை. ஆனால் அதே வகைக் குழாய் இங்கும் தரைக்கடியில் உள்ளது. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, மறைமலைநகருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அமைந்த சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் மறைமலைநகர் தொழிற்பேட்டை. மறுபுறம் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. மேற்கே ஒரகடம் செல்லும் சாலை நெடுகிலும் வாகனத் தொழிற்சாலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும். இவற்றோடு பல மாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. இத்தகைய இடங்களில் இருவகை எண்ணெய்க் குழாய்களைக் காணலாம்.

ஒன்று, பாய்லருக்கும் உலைக்கும் செல்லும் ஃபர்னஸ் ஆயில் குழாய். மற்றொன்று, ஜெனரேட்டருக்குச் செல்லும் டீசல் குழாய். 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. அக்காலத்தில் தொழிற்சாலைகள் மட்டுமன்றிக் குடியிருப்புகளும் மருத்துவமனைகளும் திருமண மண்டபங்களும் ஜெனரேட்டர் வாங்கின. வாயில் அருகே தொட்டி, பின்புறம் ஜெனரேட்டர் என்று அமைந்த இடங்களில் இடைப்பட்ட குழாய் வாகனம் நிறுத்துமிடத் தரைக்குக் கீழே சென்றது. பின்னர் மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டர் எப்போதாவது ஓடும் பொருளாயிற்று. ஆனால் குழாயில் எண்ணெய் நிற்பது நிற்கவில்லை. நாள்தோறும் பயன்படும் குழாயைவிட இவ்வாறு மறக்கப்பட்ட குழாயே அதிக ஆபத்து உடையது.

குழாய் அரிக்கும் காரணங்கள்

டீசல் தானாக இரும்பை அரிப்பதில்லை. அரிப்பு பெரும்பாலும் வெளிப்புறத்திலிருந்து வருகிறது. ஈர மண்ணில் கிடக்கும் இரும்புக் குழாய் ஒரு மின்கலம் போலச் செயல்படும். குழாயின் ஒரு பகுதி நேர்மின்வாயாகவும் மற்றொரு பகுதி எதிர்மின்வாயாகவும் அமைய, நேர்மின்வாயான இடத்தில் இரும்பு கரைந்து மண்ணுக்குள் செல்கிறது.

கான்கிரீட் காரத்தன்மை உடையது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி அரிப்பைத் தடுக்கும். கான்கிரீட்டை விட்டு மண்ணுக்குள் நுழையும் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே ஒரே குழாயில் ஒரு பாதி பாதுகாப்பாகவும் மறு பாதி அரிப்புக்கு ஆளாகவும் அமைந்துவிடுகிறது. கான்கிரீட்டிலிருந்து குழாய் வெளியேறும் இடத்தில் ஊசித்துளை விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம். உப்புக் கலந்த நீரால் கலவை போட்டிருந்தால் உள்ளிருக்கும் பகுதியின் காப்புப் படலமும் சிதையும்.

குழாயின் மேல் சுற்றப்படும் தார் நாடாவும் வண்ணப் பூச்சும் மண்ணைத் தொடவிடாமல் காக்கும். ஆனால் பூச்சில் ஒரு சிறு கீறல் இருந்தால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவிந்து, பூச்சே இல்லாத குழாயைவிட அங்கே விரைவில் துளை விழக்கூடும்.

இவ்வகை அரிப்பைத் தடுக்க ஒரு பழைய உத்தி உண்டு. ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824இல், கப்பல்களின் செப்புத் தகட்டோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை இணைத்தால் அத்துண்டு கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று காட்டினார். நீண்ட தூர எண்ணெய்க் குழாய்களைக் காக்கும் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு முறை இதிலிருந்து வளர்ந்தது. ஆனால் ஒரு குடியிருப்பில் பத்து மீட்டர் குழாய்க்கு இம்முறையை அமைத்து, ஆண்டுதோறும் அளந்து பராமரிப்பவர் அரிது.

உலோகத் தேர்வும் முக்கியமானது. தண்ணீருக்குப் பயன்படும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை டீசலுக்கும் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது தவறு. டீசலில் உள்ள சில அமிலப் பொருள்கள் துத்தநாகத்துடன் வினைபுரிந்து சோப்பு போன்ற பசைப்பொருளை உண்டாக்கும்; அது வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். செம்பு டீசலை விரைவில் கெடச் செய்யும். ஆகவே நீண்ட நாள் தேங்கி நிற்கும் ஜெனரேட்டர் குழாய்க்குத் துத்தநாகம் பூசாத கறுப்பு எஃகுக் குழாயே ஏற்றது.

கசிவு வெளியில் தெரியாத காரணம்

கசிவு எவ்வாறு வெளிப்படும் என்பது குழாயின் வகையைப் பொறுத்தது.

தொட்டி மேலேயும் எஞ்சின் கீழேயும் இருந்தால் எண்ணெய் தன் எடையால் இறங்கும். குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருப்பதால் ஓட்டை விழுந்ததும் எண்ணெய் வெளியேறத் தொடங்கும். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நிற்காது.

தொட்டி கீழே இருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சினால் நிலைமை வேறு. ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைவு. எனவே ஓட்டை வழியாக எண்ணெய் வெளியேறாமல் காற்று உள்ளே நுழையும். எஞ்சின் எளிதில் கிளம்பாது. கிளம்பினாலும் சீராக ஓடாமல் ஏறி இறங்கும். பலர் பம்பையும் வடிகட்டியையும் மாற்றிப் பார்ப்பார்கள். தரைக்கடிக் குழாயை யாரும் நினைப்பதில்லை.

மூன்றாவது, திரும்பு குழாய். டீசல் எஞ்சின் தான் எரிப்பதைவிட அதிக எண்ணெயை இழுத்து, மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். இக்குழாய் பெரும்பாலும் செல்லும் குழாயோடு ஒன்றாகவே புதைக்கப்பட்டிருக்கும். இதில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. சோதனை செய்பவர்களும் செல்லும் குழாயை மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பு குழாயை மறந்துவிடுவதுண்டு.

சிறு கசிவின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். விநாடிக்கு ஒரு துளி வீதம் கசிகிறது என்று கொள்க. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். எனவே 86,400 துளிகள். முப்பது துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 2,880 மில்லிலிட்டர், அதாவது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு ஏறத்தாழ 86 லிட்டர். ஆண்டுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். நூறு கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே மாதம் 86 லிட்டர் குறைவது நான்கு மணி நேர ஓட்டத்தின் கணக்கில் எளிதாக மறைந்துவிடும். டீசல் திருட்டு என்று காவலாளியின் மேல் சந்தேகம் வருவதும் உண்டு. கசிவைத் தேடாமல் ஆளைக் குறைசொல்வது எளிது. குழாய் தானாக வாய் திறந்து சொல்லாது.

கணக்கு வைத்துக் கண்டுபிடித்தல்

குழி தோண்டாமல் கசிவை அறியும் முதல் கருவி அளவுகோலும் நோட்டுப் புத்தகமும் ஆகும். தொட்டியில் தொடக்க இருப்பு, இடையில் வாங்கிய அளவு இரண்டையும் கூட்டி, எஞ்சின் ஓடிய மணி நேரத்துக்கு உரிய செலவைக் கழித்தால் வரும் விடையும் டிப் ராடு காட்டும் இருப்பும் பொருந்த வேண்டும்.

இதில் வெப்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். டீசல் ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 0.00083 பங்கு விரியும். 990 லிட்டர் டீசல் பத்துப் பாகை சூடேறினால் சுமார் 8 லிட்டர் கூடியதாகக் காட்டும். குளிர்ந்தால் அதே அளவு குறைந்ததாகக் காட்டும். ஆகவே ஒரு நாள் நண்பகலில் அளந்து மறுநாள் விடியலில் அளந்தால் கசிவே இல்லாமல் கசிவு இருப்பதாகத் தோன்றும். எஞ்சின் ஓடாத ஒரு வாரத்தில், நாள்தோறும் விடியற்காலை ஒரே நேரத்தில் அளப்பது நல்ல முறை. வெப்பத்தால் வரும் வேறுபாடு கூடியும் குறைந்தும் வரும். கசிவால் வரும் வேறுபாடு ஒரே திசையில் செல்லும்.

சந்தேகம் உறுதியானால் குழாயின் இரு முனைகளையும் மூடி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மூடிய குழாயில் அழுத்தமானி காட்டும் அளவு தொடர்ந்து இறங்கினால் குழாயில் ஓட்டை உண்டு. இச்சோதனையை எண்ணெய்க் குழாய் வேலை அறிந்தவரே செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து அழுத்தம் கொடுக்கக் கூடாது; எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

மண்ணிலும் நீரிலும் எண்ணெய்

கசிந்த எண்ணெய் மண் துகள்களைப் பற்றிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும், தண்ணீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது எண்ணெயும் மேலேறும். கோடையில் இறங்கும்போது அதுவும் இறங்கும். இவ்வாறு ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசிக்கொள்ளும். கசிவை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் எண்ணெய் வாடை வருவதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பெருமாள் கோவில் என்ற பெயருக்குக் காரணமான பாடலாத்ரி நரசிம்மர் கோயில் சிறு குன்றைக் குடைந்து அமைக்கப்பட்டது. மேல்மண்ணுக்குக் கீழே கடினப் பாறை நெருங்கியே இருக்கும் வட்டாரம் இது. இத்தகைய நிலத்தில் தண்ணீர், பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் தண்ணீரும் எண்ணெயும் போகும். எனவே கசிவுக்கு மிக அருகில் உள்ள கிணறு தப்பிவிட, தொலைவில் உள்ள ஆழ்துளைக் கிணறு கெட்டுவிடவும் கூடும்.

எண்ணெய் கலந்த நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைப்பது தவறு. கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லும். எண்ணெயை முழுமையாக நீக்காது. ஆர்.ஓ. கருவியின் சவ்வையும் எண்ணெய் கெடுத்துவிடும். இன்னொரு செய்தி பலரும் அறியாதது: எண்ணெய் ஊறிய மண் வழியாகச் செல்லும் பாலிஎத்திலீன் குடிநீர்க் குழாயில் ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும், எண்ணெயின் சில கூறுகள் குழாய்ச் சுவரை ஊடுருவித் தண்ணீரில் கலக்கக்கூடும். ஆகவே எண்ணெய்க் குழாய் கசிந்த இடத்தில் அருகிலுள்ள பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயையும் மாற்ற வேண்டியிருக்கும்.

தண்டையார்பேட்டை தரும் பாடம்

தரைக்கடி எண்ணெய்க் குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நேரில் கண்டது. 2013இல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கும் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குக்கும் இடையே தரைக்கடியில் சென்ற பாரத் பெட்ரோலியம் நிறுவனக் குழாயில் ஏற்பட்ட கசிவோடு இது தொடர்புபடுத்தப்பட்டது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. குழாயைச் சரிசெய்வதைவிட மண்ணையும் நீரையும் சரிசெய்வதே நீண்ட பணியாயிற்று.

அங்கே முதலில் எச்சரித்தது எந்தக் கருவியும் அன்று. தண்ணீர் இறைத்த மக்களின் மூக்கே. ஒரு குடியிருப்பின் பத்து மீட்டர் குழாயும் நகரத்தின் பல கிலோமீட்டர் குழாயும் அளவில் வேறானவை. தவறு வெளிப்படும் விதத்தில் ஒன்றே.

மாற்றும் முறை

தரையை உடைத்து, ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது செலவு குறைந்ததாகத் தோன்றும். ஆனால் ஓர் இடத்தில் துளை விழுந்த குழாயின் மற்ற இடங்களும் அதே மண்ணில் அதே வயதுடையவை. மேலும், நிலத்தடித் தளத்தின் தரைக்குக் கீழே நீர்க்காப்பு அடுக்கு இருக்கும். அதை உடைத்தால் வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது தண்ணீர் ஊறி உள்ளே வரும். ஆகவே பழைய குழாயை உள்ளபடியே செயலிழக்கச் செய்துவிட்டு, புதிய குழாயை வேறு வழியில் அமைப்பதே பொதுவாகச் சிறந்தது. மண் தோண்டும் தேவை இருந்தால் மாசி முதல் வைகாசி வரையிலான வறண்ட மாதங்கள் ஏற்றவை. பணியின் ஒழுங்கு வருமாறு:

1. தொட்டி வால்வை மூடி, எஞ்சினின் மின்கலத் தொடர்பைத் துண்டித்து, தானாகக் கிளம்பாதபடி பூட்ட வேண்டும். குழாயில் உள்ள எண்ணெயை வடித்து மூடியுள்ள உலோகக் கலத்தில் சேர்க்க வேண்டும்.

2. நிலத்தடித் தளத்தில் காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியிலும் தரை மூலையிலும் தங்கும். எரியும் ஆவி இல்லை என்று கருவியால் உறுதிசெய்யும் வரை வெல்டிங்கோ கல் அறுப்போ செய்யக் கூடாது. ஆழமான குழிக்குள் ஒருவரைத் தனியாக இறக்கக் கூடாது.

3. புதிய குழாயைச் சுவரின் மேல் தாங்கிகளில் கொண்டு செல்வது முதல் வழி. வாகனம் மோதக்கூடிய இடங்களில் எஃகுத் தடுப்பு வைக்க வேண்டும். தரையைக் கடந்தே ஆக வேண்டுமானால், கான்கிரீட் கால்வாய் அமைத்து, தூக்கக்கூடிய இரும்புத் தகடால் மூட வேண்டும். அதுவும் இயலாதபோது பெரிய உறைக் குழாய்க்குள் எண்ணெய்க் குழாயைச் செலுத்த வேண்டும். கால்வாயும் உறையும் ஒரு முனையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அம்முனையில் பார்வைக் குழி இருக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் அக்குழியில் வந்து நிற்கும். குழியைத் திறந்து பார்த்தால் போதும்.

4. கால்வாய்க்குள்ளும் உறைக்குள்ளும் மரை இணைப்பு கூடாது. வெல்டிங் செய்த தொடர்குழாயே வேண்டும். வால்வு, ஃபிளாஞ்ச், வடிகட்டி ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் அமைய வேண்டும்.

5. எஞ்சினுக்கு மேலே உள்ள தொட்டியாயின், குழாய் உடைந்தால் தொட்டி முழுவதும் வழிந்துவிடும். இதைத் தடுக்கத் தொட்டியின் வாயிலேயே அடைப்பு வால்வு வேண்டும். தீப்பிடித்தால் உருகும் இணைப்பின் மூலம் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இன்னும் நல்லது. தொட்டியைச் சுற்றி, அதன் கொள்ளளவைத் தாங்கும் கரைச்சுவர் வேண்டும்.

6. செல்லும் குழாய், திரும்பு குழாய் இரண்டையும் தனித்தனியே அழுத்தச் சோதனை செய்த பின்னரே இணைக்க வேண்டும். சோதனை முடியும் வரை வண்ணம் பூசக் கூடாது. பூச்சு சிறு துளையை மறைத்துவிடும்.

7. இந்தியத் தரக் குறியீட்டு முறையின்படி எண்ணெய்க் குழாய்க்கு அடிப்படை வண்ணம் வெளிர் பழுப்பு. அதைப் பூசி, எண்ணெயின் பெயரையும் ஓடும் திசையையும் எழுத வேண்டும்.

ஃபர்னஸ் ஆயில் குழாய்க்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. அந்த எண்ணெய் கெட்டியானது. சூடேற்றினால்தான் எளிதில் ஓடும். அதனால் குழாயைச் சுற்றி வெப்பக் காப்புப் பஞ்சு போர்த்தப்படும். தரைக்கடியில் அப்பஞ்சு நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயை இன்னும் வேகமாக அரிக்கச் செய்யும். இவ்வகைக் குழாய் தரைக்கு மேலே இருப்பதே நல்லது.

பழைய குழாயும் பழைய நிரப்பு வாயும்

புதிய குழாய் ஓடத் தொடங்கியதும் பழையதை மறந்துவிடுவது இயல்பு. அதுவே அடுத்த விபத்தின் வித்து. பழைய குழாயில் மிச்சமுள்ள எண்ணெயை முழுவதும் வெளியேற்றி, சுத்தம் செய்து, இரு முனைகளையும் வெட்டி, சிமெண்ட் கூழால் நிரப்பி மூட வேண்டும். வெறும் மரக்கட்டையோ துணியோ அடைத்து வைப்பது போதாது. முனை வெளியில் தெரியும் இடத்தில் பயன்பாட்டில் இல்லை என்று எழுத வேண்டும்.

தொட்டியையும் இடம் மாற்றினால் பழைய நிரப்பு வாயை அன்றே அகற்ற வேண்டும். குளிர்நாடுகளில் திரும்பத் திரும்ப நேரும் விபத்து ஒன்று உண்டு. உள்ளே தொட்டியை எடுத்துவிட்டு, வெளிச்சுவரில் உள்ள நிரப்பு வாயை விட்டுவிடுவார்கள். முகவரி தவறி வரும் எண்ணெய் வண்டிக்காரர் அந்த வாயில் குழாயை மாட்டி நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை நிலத்தடித் தளத்துக்குள் கொட்டிவிடுவார். வாகனத்தில் டீசல் கொண்டுவந்து தரும் முறை இங்கும் பரவிவருவதால், பழைய நிரப்பு வாயை வெட்டி மூடுவது இங்கும் கட்டாயம் செய்ய வேண்டியதாகும்.

எண்ணெய் ஊறிய மண்ணைக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டக் கூடாது. மழைநீர் வடிகாலில் எண்ணெயை விடவும் கூடாது. எண்ணெய்க் கழிவுகள் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருபவை. அவற்றைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் எண்ணெய்ச் சேமிப்பை 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. தீப்பற்று வெப்பநிலையைக் கொண்டு எண்ணெய்கள் வகுக்கப்படுகின்றன. 23 பாகைக்குக் கீழே தீப்பற்றும் பெட்ரோல் முதல் வகுப்பு. 23 முதல் 65 பாகைக்குள் வரும் டீசலும் மண்ணெண்ணெயும் இரண்டாம் வகுப்பு. 65 முதல் 93 பாகைக்குள் வரும் ஃபர்னஸ் ஆயில் போன்றவை மூன்றாம் வகுப்பு.

இரண்டாம் வகுப்பு எண்ணெயை மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மிகாமல் இருந்தால், உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஜெனரேட்டர் அறைகளில் 990 லிட்டர் டே டேங்க் பரவலாகக் காணப்படுவதற்கு இந்த வரம்பே காரணம். மூன்றாம் வகுப்புக்கு வரம்பு 45,000 லிட்டர். அளவு இதற்கு மேற்பட்டால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற இடத்தில் குழாயை மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும். உரிமம் தேவையில்லை என்பதற்குப் பாதுகாப்பும் தேவையில்லை என்று பொருள் அன்று. ஊரில் உள்ள பெரும்பாலான சிறு தொட்டிகள் எந்த ஆய்வாளரும் வந்து பாராதவை. அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்களே.

பிற நாட்டுச் சட்டம், சென்னையின் பெருங்குழாய்

மறைந்த குழாயைச் சட்டமே வெளிக்கொண்டு வந்ததற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் எடுத்துக்காட்டு. அங்கு 2008இல் இயற்றப்பட்ட சட்டம், வீட்டு எண்ணெய்க் குழாய்க்குப் பாதுகாப்பு உறையோ எண்ணெய்ப் பாதுகாப்பு வால்வோ பொருத்த வேண்டும் என்று விதித்தது. இறுதிக் கெடு 2011 செப்டம்பர் 30. கசிந்த பிறகு நிலத்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் வால்வும் உறையும் அற்பச் செலவு என்பதே அச்சட்டத்தின் பின்னுள்ள எண்ணம்.

சென்னையிலும் பெரிய அளவில் ஒரு மாற்றம் நடந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை சென்னைச் சுத்திகரிப்பு நிறுவனமாக 1965இல் உருவாக்கப்பட்டு 1969இல் இயங்கத் தொடங்கியது. துறைமுகத்திலிருந்து மணலிக்குக் கச்சா எண்ணெய் கொண்டுசென்ற 30 அங்குலக் குழாய் மக்கள் நெருக்கமான வடசென்னைப் பகுதிகளின் வழியே சென்றது. ஆண்டுகள் பல கடந்ததும், பழைய தடத்திலேயே புதிய குழாயைப் போடாமல், குடியிருப்புகளைத் தவிர்த்து வேறு தடத்தில் சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு 42 அங்குலக் குழாய் அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பழையதை அதே இடத்தில் புதுப்பிக்காமல் வழியையே மாற்றுவது என்ற கோட்பாடு வீட்டுக்கும் நகரத்துக்கும் பொது என்பதை இது காட்டுகிறது.

பதிவேடு

குழாய் மாற்றத்தின் கடைசிப் பகுதி காகிதத்தில் உள்ளது. புதிய குழாய் செல்லும் வழி, அடைக்கப்பட்ட பழைய குழாயின் முனைகள், சோதனை செய்த நாள், அழுத்தம், பணி செய்தவர் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து, ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஒட்டி, ஒரு படியைக் குடியிருப்போர் சங்கத்தின் அல்லது ஆலையின் கோப்பில் வைக்க வேண்டும். குழாயைப் புதைத்தவர் ஓய்வு பெற்றுப் போவார், காவலாளி மாறுவார், வீடு கைமாறும். அதன்பின் தரையில் துளையிட வருபவருக்கு அந்த வரைபடம் ஒன்றே வழிகாட்டி.

எண்ணெய் வைத்திருக்கும் எந்தக் கட்டடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி எளியது: தொட்டியிலிருந்து எஞ்சின் வரை குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே நடக்க முடிகிறதா? எந்த இடத்தில் கை தரையில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்திலிருந்து ஆய்வைத் தொடங்க வேண்டும்.